எந்தப் பிரிவில் சேர்ப்பது? வீட்டு பீர் போட்டிகளில் ஒரு பழைய கேள்வி

வீட்டில் பீர் காய்ச்சிப் போட்டிக்கு அனுப்புகிறவர் தன் பீருக்கு என்ன பெயர் வைத்திருந்தாலும் அது நடுவர் காதுக்கு எட்டாது. முத்திரையில்லாத புட்டி, ஒரு பதிவு எண், ஒரு பிரிவு: நடுவர் மேசைக்குப் போவது இவ்வளவுதான். புட்டிக்குள் எத்தனை நல்ல பீர் இருந்தாலும், பதிவுத் தாளில் எழுதிய பிரிவுக்கு அது எவ்வளவு பொருந்துகிறது என்பதைக் கொண்டே மதிப்பெண் விழுகிறது. பிரிவைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு காய்ச்சியவருடையது. எல்லா வேலையும் முடிந்தபின் எழுதும் அந்த ஒரு வரி, பல வார உழைப்பின் முடிவையே மாற்றிவிடக்கூடும்.

எதை வைத்து அந்த வரியை எழுதுவது? செய்முறையையா, அளவுகளையா, நாக்கையா, எதிரே நிற்கும் போட்டியாளர்களின் எண்ணிக்கையையா? அமெரிக்க வீட்டு பீர் போட்டிகளில் இந்த நான்கு விடைகளுக்கும் ஆதரவாளர்கள் உண்டு. பிரிவுகளே பிழையாக வகுக்கப்பட்டவை என்று வாதிடும் ஐந்தாவது தரப்பும் இருக்கிறது. இந்த விடைகள் எங்கிருந்து வந்தன, எங்கே வலுவிழக்கின்றன என்பதையே இங்கே பார்க்கிறோம்.

பிரிவுகள் வந்த வழி

1933-இல் அமெரிக்காவில் மதுவிலக்கு முடிந்தபோது வீட்டில் ஒயின் செய்துகொள்ள அனுமதி கிடைத்தது, பீருக்குக் கிடைக்கவில்லை. 1978 அக்டோபர் 14 அன்று அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் அந்தக் குறையைத் தீர்த்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரி முதல் வயதுவந்த ஒருவர் ஆண்டுக்கு 100 காலன் வரையும், இருவரோ அதற்கு மேலோ வாழும் வீட்டில் 200 காலன் வரையும் காய்ச்சலாம் என்றானது. அதே 1978-இல் கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில் சார்லி பப்பாசியனும் சார்லி மாட்சனும் அமெரிக்க வீட்டு பீர் காய்ச்சுவோர் சங்கத்தைத் தொடங்கினார்கள். 1979-இல் அங்கேயே முதல் தேசியப் போட்டியும் நடந்தது.

போட்டி என்று வந்துவிட்டால் ஒப்பிட வேண்டும். கறுத்த ஸ்டவுட்டையும் வெளிறிய பில்ஸ்னரையும் ஒரே மேசையில் வைத்து எது சிறந்தது என்று சொல்ல முடியாது. இதற்குத் தேவையான சிந்தனை அப்போதுதான் அச்சில் வந்திருந்தது. பிரிட்டனின் பத்திரிகையாளர் மைக்கேல் ஜாக்சன் (பாடகர் அல்லர்) 1977-இல் வெளியிட்ட 'த வேர்ல்ட் கைடு டு பீர்' என்ற நூல், உலகின் பீர்களை ஊர், மரபு, சுவை ஆகியவற்றைக் கொண்டு குடும்பங்களாகப் பிரித்துக் காட்டியது. 1989-இல் ஃபிரெட் எக்கார்ட் தன் 'த எசென்ஷியல்ஸ் ஆஃப் பீர் ஸ்டைல்' நூலில் அந்தக் குடும்பங்களுக்கு எண்களைச் சேர்த்தார். இடையில் 1985-இல் தொடங்கிய பீர் நடுவர் சான்றிதழ்த் திட்டம், பி.ஜே.சி.பி. என்ற சுருக்கப் பெயரால் அறியப்படுவது, நடுவர்களுக்குத் தேர்வு வைத்துத் தரப்படுத்தியது. பிறகு வகைகளுக்கான வழிகாட்டியையும் வெளியிடத் தொடங்கியது. அந்த வழிகாட்டி 2004, 2008, 2015, 2021 ஆகிய ஆண்டுகளில் திருத்தி எழுதப்பட்டது. 2008 பதிப்பில் பீருக்கு 23 பிரிவுகள், 2015-இல் 34. ஒவ்வொரு பிரிவிலும் பல உட்பிரிவுகள்.

நடுவர் கையில் இருக்கும் தாள் 50 புள்ளிகளுக்கானது. மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் கனத்துக்கும் நுரைப்புக்கும் 5, ஒட்டுமொத்த எண்ணத்துக்கு 10. கூர்ந்து பார்த்தால், வகைக்குப் பொருந்துகிறதா என்பதற்குத் தனிப் புள்ளி எதுவும் இல்லை. அது ஐந்து தலைப்புகளிலும் பரவிக் கிடக்கிறது. மணமாகட்டும் சுவையாகட்டும், எல்லாமே 'இந்த வகைக்கு ஏற்றபடி' என்ற நிபந்தனையோடுதான் அளக்கப்படுகின்றன. எனவே தவறான பிரிவில் சேர்த்த பீர் ஓரிடத்தில் மட்டும் சறுக்குவதில்லை. மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு வரியிலும் கொஞ்சம் கொஞ்சமாக இழக்கிறது.

நினைத்துக் காய்ச்சியதே பிரிவு

மிகப் பழைய விடை இதுதான். பில்ஸ்னர் என்று நினைத்துக் காய்ச்சினால் பில்ஸ்னர் பிரிவில் சேர்க்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் பீரைப் பருகி, அதைப்போல் வீட்டில் செய்ய முயன்றவர்களிடமிருந்து தொடங்கிய பொழுதுபோக்கு என்பதால், நோக்கத்துக்கு அங்கே மதிப்பு அதிகம். ஜமில் சைனஷெஃபும் ஜான் பால்மரும் 2007-இல் எழுதிய 'புரூயிங் கிளாசிக் ஸ்டைல்ஸ்' போன்ற நூல்கள் வழிகாட்டியின் வகை ஒவ்வொன்றுக்கும் ஒரு செய்முறை தந்து இந்தப் போக்கை உறுதிப்படுத்தின.

இதில் ஒரு நேர்மை இருக்கிறது. கற்றுக்கொள்வதற்காகப் போட்டிக்கு அனுப்புகிறவருக்கு, நினைத்ததற்கும் வந்ததற்கும் உள்ள தூரத்தை நடுவர் குறிப்பு காட்டிவிடும். ஆனால் நோக்கம் புட்டிக்குள் போவதில்லை. நொதிக்கும் அறை இரண்டு டிகிரி சூடாக இருந்திருக்கலாம். ஹாப்ஸ் பழையதாக இருந்து கசப்பு குறைந்திருக்கலாம். ஜெர்மன் பில்ஸ் வகைக்கு வழிகாட்டி கேட்பது 22 முதல் 40 வரையான கசப்பு அலகுகள். மியூனிக் ஹெல்லஸ் வகைக்கு 16 முதல் 22. இரண்டும் வெளிறிய லாகர்கள். ஒன்றில் கசப்பு முன்னால் நிற்கும், மற்றதில் மால்ட்டின் மென்மை முன்னால் நிற்கும். பில்ஸாக நினைத்துக் கசப்புக் குறைந்துபோன பீர் நல்ல ஹெல்லஸாக இருக்க வாய்ப்புண்டு. அதைப் பில்ஸ் மேசைக்கே அனுப்பினால் 'கசப்பு போதாது' என்ற குறிப்புத்தான் திரும்பி வரும். காய்ச்சியவருக்கு அது முன்பே தெரிந்த செய்தி.

எண்கள் தரும் விடை

எக்கார்ட் காட்டிய வழியில் வந்தது அடுத்த விடை. வழிகாட்டியின் ஒவ்வொரு வகையின் அடியிலும் நொதிக்கும் முன்னும் பின்னும் உள்ள அடர்த்தி, கசப்பு அலகு, நிறம், ஆல்கஹால் ஆகியவற்றுக்கு எல்லைகள் தரப்பட்டுள்ளன. கணினியில் செய்முறையை இட்டால் எந்தெந்த வகையின் எல்லைக்குள் பீர் விழுகிறது என்று மென்பொருள் பச்சை நிறத்தில் காட்டிவிடும். பிறகு யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு.

சில இடங்களில் எண்கள் உண்மையிலேயே உதவுகின்றன. இங்கிலாந்தின் பிட்டர் மூன்று உட்பிரிவுகளாக இருக்கிறது. ஆர்டினரி பிட்டருக்கு ஆல்கஹால் 3.2 முதல் 3.8 சதவீதம், பெஸ்ட் பிட்டருக்கு 3.8 முதல் 4.6, ஸ்ட்ராங் பிட்டருக்கு 4.6 முதல் 6.2. சுவையில் உறவினர்களான இந்த மூன்றையும் பிரிக்கும் வேலி பெரும்பாலும் வலிமைதான். அங்கே அளவுமானி சொல்வதைக் கேட்பதில் தவறில்லை.

மற்ற இடங்களில் வேலிகள் ஒன்றின்மேல் ஒன்று படர்ந்து கிடக்கின்றன. அமெரிக்கன் பேல் ஏலுக்கு 4.5 முதல் 6.2 சதவீத ஆல்கஹால், 30 முதல் 50 கசப்பு அலகுகள், அமெரிக்கன் ஐ.பி.ஏ.வுக்கு (இந்தியா பேல் ஏல்) 5.5 முதல் 7.5 சதவீதம், 40 முதல் 70 அலகுகள். 5.8 சதவீத ஆல்கஹாலும் 45 அலகு கசப்பும் உள்ள பீர் இரண்டிலும் பச்சை விளக்குப் பெறும். கசப்பு எண்ணே கூட வீட்டில் அளக்கப்படுவதில்லை, கணிக்கப்படுகிறது. டின்செத் சூத்திரம் ஓர் எண் தரும், ரேகர் சூத்திரம் வேறு எண் தரும். நாக்கில் படும் கசப்போ மால்ட்டின் இனிப்பைப் பொறுத்து ஏறியும் இறங்கியும் தெரியும்.

நம் பக்கத்திலிருந்தே ஒரு சான்று காட்டலாம். இலங்கையின் லயன் ஸ்டவுட், ஜாக்சன் வியந்து எழுதியதால் மேற்கே பரவலாக அறியப்பட்ட பீர். வழிகாட்டியில் டிராப்பிக்கல் ஸ்டவுட் என்ற வகைக்கு எடுத்துக்காட்டாகப் பெயர் குறிப்பிடப்படும் சில பீர்களில் அதுவும் ஒன்று. அந்த வகைக்கு வழிகாட்டி தரும் ஆல்கஹால் எல்லை 5.5 முதல் 8 சதவீதம். லயன் ஸ்டவுட் புட்டியில் அச்சிடப்பட்டிருப்பது 8.8 சதவீதம். வகைக்கு முன்மாதிரியாகச் சொல்லப்படும் பீரே அந்த வகையின் எண்களுக்கு வெளியே நிற்கிறது. இதை வழிகாட்டியின் பிழை என்று கருத வேண்டியதில்லை. தாம் தருவது தோராயமான வரைவே, கறாரான விதி அல்ல என்று அதன் ஆசிரியர்களே முன்னுரையில் சொல்கிறார்கள். எண்களை வேலியாக எடுத்துக்கொள்கிறவர்கள்தான் அந்த முன்னுரையைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

கோப்பையில் இருப்பதே பிரிவு

நடுவர்கள் பெரும்பாலும் ஆதரிக்கும் விடை இது. செய்முறையை மறந்துவிடு, எண்களை ஓரமாக வை, பீரைக் கோப்பையில் ஊற்றி முகர்ந்து பருகு, அதன்பின் வழிகாட்டியின் எந்த விவரிப்பு அதற்குப் பொருந்துகிறது என்று பார். நடுவர் செய்யப்போவதும் அதைத்தானே என்பது இதன் வலிமை.

எத்தனை வேறுபாடு வரக்கூடும் என்பதைக் கோதுமை பீரில் தெளிவாகக் காணலாம். பவேரியாவின் வைஸ்பியருக்கு ஈஸ்ட் தரும் வாழைப்பழ மணமும் கிராம்பு மணமும் உயிர். அவை இல்லையென்றால் பீர் தோற்றது. அமெரிக்கன் வீட் பீரில் அதே வாழையும் கிராம்பும் குறை. ஒரே புட்டி, ஒரே மணம், ஒரு மேசையில் பாராட்டு, அடுத்த மேசையில் புள்ளிக் குறைப்பு. வெண்ணெய் மணம் தரும் டைஅசிட்டைல் என்ற பொருளும் அப்படித்தான். செக் நாட்டு பிரீமியம் லாகரில் அது மெல்லிதாக இருந்தால் ஏற்பார்கள். ஜெர்மன் பில்ஸில் ஏற்கமாட்டார்கள்.

ஸ்டவுட்டில் இன்னும் நுட்பமான நிலை உண்டு. ஐரிஷ் எக்ஸ்ட்ரா ஸ்டவுட் என்று நினைத்துக் காய்ச்சிய பீர், நொதித்தல் முழுமை பெறாமல் சற்று இனிப்பாகவும், ஈஸ்ட் சூடாக வேலைசெய்ததால் பழ மணத்தோடும், 6.4 சதவீத வலிமையோடும் வந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். ஐரிஷ் பிரிவின் நடுவர் வறட்சியான முடிவை எதிர்பார்த்துப் பருகுவார். இனிப்பு அவருக்கு நொதித்தலின் கோளாறாகத் தெரியும். டிராப்பிக்கல் ஸ்டவுட் பிரிவில் அமர்ந்திருப்பவர் எதிர்பார்ப்பதே இனிப்பும் பழமும் மெல்லிய வறுவலும்தான். காய்ச்சியவர் நோக்கில் தவறிய பீர், வேறொரு நாட்டு மரபின் நோக்கில் சரியாக வந்த பீர். இதை ஏமாற்று என்று சொல்ல என்னால் முடியவில்லை. பீர் எதுவாக இருக்கிறதோ அதையே படிவத்தில் எழுதுவதுதான் இங்கே உண்மை.

ஆனால் 'பருகிப் பார்' என்ற அறிவுரை, யார் பருகுவது என்ற கேள்வியை விழுங்கிவிடுகிறது. தான் என்ன சேர்த்தோம் என்று அறிந்தவர் நாக்கு அதைத் தேடிக் கண்டுபிடித்துவிடும். லியோனார்ட் லீ, ஷேன் ஃபிரெடெரிக், டான் ஏரியலி ஆகியோர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், மதுக்கூடத்துக்கு வந்தவர்களுக்குச் சாதாரண பீரையும் சில சொட்டு பால்சாமிக் வினிகர் கலந்த பீரையும் தந்தார்கள். வினிகர் இருப்பதை அறியாதவர்களில் பலர் அதையே விரும்பினார்கள். பருகும் முன்பே சொல்லப்பட்டவர்களுக்கு அது பிடிக்கவில்லை. இந்த ஆய்வின் தனிச்சிறப்பு மூன்றாவது குழுவில் இருக்கிறது: பருகியபின் சொல்லப்பட்டவர்கள், அறியாதவர்களைப் போலவே விரும்பினார்கள். அதாவது முன்கூட்டிய தகவல் கருத்தை மட்டும் மாற்றவில்லை, பருகும் அனுபவத்தையே மாற்றியது என்று அவர்கள் முடிவுகட்டினார்கள். 2001-இல் ஜில் மோரோவும் ஃபிரெடெரிக் புரோஷேயும் டெனி டுபோர்டியூவும் வெளியிட்ட ஆய்வில், வெள்ளை ஒயினில் மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்து 54 பேரிடம் தந்தபோது, அவர்கள் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களாலேயே அதை வருணித்தார்கள்.

இவற்றைப் போட்டியோடு பொருத்திப் பார்த்தால் இரண்டு முடிவுகள் வருகின்றன. முதலாவது எளிது: தன் பீரைத் தானே பருகிப் பிரிவைத் தீர்மானிப்பது நம்பத்தக்கதல்ல. செய்முறை அறியாத இரண்டு மூன்று பேரிடம் ஊற்றித் தந்து, 'இது எது?' என்று கேட்பது மேல். இரண்டு பிரிவுகளுக்கு இடையே தயக்கம் இருந்தால், ஒவ்வொன்றுக்கும் வழிகாட்டி சுட்டும் கடை பீரையும் பக்கத்தில் வைத்து, எந்தக் கோப்பையில் எது என்று தெரியாதபடி ஒப்பிடலாம். மூன்று கோப்பைகளில் இரண்டில் ஒன்றே, மூன்றாவதில் வேறு என்று வைத்து வேறுபட்டதைக் கண்டுபிடிக்கச் சொல்லும் முறை மதுவாலைகளில் நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருப்பது. வீட்டுச் சமையலறையிலும் செய்யலாம்.

இரண்டாவது முடிவு சற்று சங்கடமானது. நடுவரும் மனிதர். படிவத்தில் எழுதிய பிரிவு அவருக்கு முன்கூட்டிய தகவல். 'டிராப்பிக்கல் ஸ்டவுட்' என்று கேட்டவுடன் அவர் நாக்கு பழத்தைத் தேடத் தொடங்குகிறது. ஆகவே பிரிவு என்பது பீருக்கு ஒட்டும் சீட்டு மட்டும் அல்ல. அது பீரின் சுவைக்குள்ளேயே நுழைகிறது. கோப்பையில் இருப்பதே பிரிவு என்ற தரப்பினர், கோப்பையில் இருப்பது பிரிவைச் சொல்லும் முன்பே நிலையாக இருக்கிறது என்று கொள்கிறார்கள். ஆய்வுகள் சுட்டுவது அதற்கு எதிர்த் திசையில் என்று எனக்குப் படுகிறது.

இன்னொரு சிக்கல் காலம். பதிவு முடியும் நாளுக்கும் நடுவர் பருகும் நாளுக்கும் இடையே சில வாரங்கள் ஓடிவிடும். ஹாப்ஸின் மணம் அதற்குள் மங்கும். அனல்பட்ட சரக்கு வண்டியில் போனால் இன்னும் விரைவாக. பதிவு செய்யும்போது ஐ.பி.ஏ.வாக இருந்தது மேசையில் பேல் ஏலாக நிற்கலாம். வலிமையான பீர்களோ அதே காலத்தில் கூர்மை குறைந்து மேம்படவும் கூடும். இன்றைய சுவையைக் காட்டிலும் நடுவர் நாளன்று இருக்கப்போகும் சுவையே முக்கியம் என்பதால், இந்தத் தரப்பும் முழுமையாக நாக்கை நம்பி நிற்க முடியாது. கொஞ்சம் முன்கணிப்பும் வேண்டியிருக்கிறது.

பதக்கக் கணக்கு

ஆள் குறைந்த மேசையைத் தேடிப் போவது இன்னொரு வழி. ஒவ்வொரு பிரிவுக்கும் முதல் மூன்று இடங்கள் உண்டு, ஐ.பி.ஏ. மேசையில் கூட்டம் நெரியும்போது, குறைந்த பேர் காய்ச்சும் ஜெர்மன் அல்லது வரலாற்று வகையில் வெல்வது எளிது என்பது இதன் தர்க்கம். ஒரு பீரை இரண்டு உட்பிரிவுகளில் சேர்ப்பதும் இதில் அடங்கும். பல போட்டி விதிகள் இதை அனுமதிக்கின்றன.

இதன் ஒரு பகுதி அனுபவத்தில் ஊன்றியது. நடுவர் ஒரே அமர்வில் பல பீர்களைப் பருகுகிறார், நாக்கு களைக்கிறது. அந்நிலையில் வகையின் மேல் எல்லையைத் தொடும் பீர் நினைவில் நிற்கிறது, மென்மையானது மறைந்துபோகிறது என்பது போட்டியாளர்களிடையே பரவலாக உள்ள கருத்து. எனவே எல்லையில் நிற்கும் பீரை வலுவான பிரிவின் அடியில் சேர்ப்பதைவிட, மெலிந்த பிரிவின் உச்சியில் சேர்ப்பது நல்லது என்பார்கள். மேலே சொன்ன 5.8 சதவீத பீர், பேல் ஏல் மேசையில் தடித்துத் தெரியும், ஐ.பி.ஏ. மேசையில் ஒடுங்கித் தெரியும்.

குறை எங்கே? சிறு போட்டிகளில் பதிவு குறைந்த பிரிவுகளை அமைப்பாளர்கள் ஒன்றாகச் சேர்த்துவிடுவார்கள். தேடிப்போன காலி மேசை அப்போது காணாமல்போகும். ஆள் குறைந்த வகைகளில் அனுப்புகிறவர்கள் அந்த வகையையே பல ஆண்டுகளாகக் காய்ச்சித் தேர்ந்தவர்களாகவும் இருக்கக்கூடும். எண்ணிக்கை குறைந்தால் போட்டி குறையும் என்பது நிச்சயமில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பதக்கத்துக்காகப் பொருந்தாத பிரிவில் சேர்த்த பீருக்கு வரும் நடுவர் குறிப்பு காய்ச்சியவருக்கு எதையும் கற்றுத்தராது. சான்றிதழ் பெற்ற நடுவர்கள் ஊதியமின்றி உட்கார்ந்து, ஒவ்வொரு புட்டிக்கும் கைப்பட எழுதித்தரும் அந்தத் தாள்தான் இந்தப் போட்டிகளின் அரிய சொத்து. அதை வீணடிப்பது வருத்தத்துக்குரியது.

சேர்ப்பொருளும் அறிவிப்பும்

பழம், மசாலா, புகை, மரப்பீப்பாய் ஆகியவற்றுக்கான சிறப்புப் பிரிவுகளில் கேள்வி வேறு வடிவம் எடுக்கிறது. இங்கே பிரிவோடு ஒரு விளக்கமும் எழுத வேண்டும்: எந்தப் பழம், எந்த மசாலா. நடுவர் அந்த விளக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு பருகுகிறார். வழிகாட்டி சமையலறைக் கணக்கில் பிரிப்பதால் காப்பி சேர்த்த ஸ்டவுட் மசாலா பிரிவுக்குப் போகிறது. பழமும் மசாலாவும் சேர்ந்தால் இரண்டுக்கும் பொதுவான உட்பிரிவு இருக்கிறது.

ஐந்து கிலோ பழம் போட்டேன், அதனால் பழ பீர் என்று எண்ணுவது இங்கே அடிக்கடி நேரும் பிசகு. போட்டது மணக்கவில்லையென்றால் அறிவித்த பழத்தைத் தேடித் தேடி நடுவர் ஏமாறுவார். ராஸ்பெரி சிறிதளவிலேயே மேலெழும். புளூபெரி, ஸ்ட்ராபெரி போன்றவை அடங்கிவிடும். இதை நடுவர் மறக்கக் கூடாது என்று வழிகாட்டி எச்சரிக்கிறது. ஆனாலும், புலப்படாத சேர்ப்பொருளை மறந்துவிட்டு அடிப்படை பீராகவே சேர்ப்பது பல நேரங்களில் நல்ல முடிவு. மறுபுறம், விளக்கத்தில் எவ்வளவு குறைவாகச் சொல்கிறோமோ அவ்வளவு குறைவாகவே நடுவர் எதிர்பார்ப்பார். 'ஹபனேரோ மிளகாய்' என்று குறிப்பிட்டால் ஹபனேரோவின் பழ மணத்தையும் காரத்தையும் அவர் கேட்பார். வெறும் 'மிளகாய்' என்றால் காரம் போதும். வினிகர் ஆய்வு சொன்னது இங்கே நேரடியாகப் பொருந்துகிறது: சொல் நாவை வழிநடத்துகிறது.

பிரிவுகளையே ஐயுறுவோர்

மேலே சொன்னவர்கள் எல்லாரும் ஓர் இடத்தில் ஒன்றுபடுகிறார்கள்: சரியான பிரிவு என்று ஒன்று இருக்கிறது. பிரிட்டிஷ் பீர் வரலாற்றாசிரியர்களான மார்ட்டின் கார்னெல், ரான் பாட்டின்சன் போன்றோரின் எழுத்து அந்த அடித்தளத்தையே கேள்விக்குள்ளாக்குகிறது. மதுவாலைகளின் பழைய கணக்கேடுகளையும் விளம்பரங்களையும் படித்து, இன்று மரபு என்று சொல்லப்படும் பல எல்லைகள் அண்மையில் போடப்பட்டவை என்று அவர்கள் காட்டியிருக்கிறார்கள்.

போர்ட்டருக்கும் ஸ்டவுட்டுக்கும் இடையிலான கோடு இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு. வறுத்த பார்லி இருந்தால் ஸ்டவுட், இல்லையென்றால் போர்ட்டர் என்று வீட்டில் காய்ச்சுவோர் தலைமுறைகளாகச் சொல்லிவந்தார்கள். பிரிட்டனில் முளைகட்டாத தானியத்தை பீரில் பயன்படுத்த 1880-இல்தான் சட்டம் இடம் தந்தது. அதற்கு முன் நூறாண்டுக்கும் மேலாக ஸ்டவுட் காய்ச்சப்பட்டுவந்தது. அந்நாளில் வலிமையான போர்ட்டரே ஸ்டவுட். அப்படியானால் அந்தக் கோட்டின் இரு பக்கமும் நின்று பிரிவு தேடுகிறவர், இல்லாத எல்லையில் காவல் நிற்கிறாரா?

பதிப்புக்குப் பதிப்பு மாறும் விதிகள் இந்த ஐயத்தை வளர்க்கின்றன. ஸ்காட்லாந்து ஏல்களில் மெல்லிய பீட் (சதுப்புநிலக் கரி) புகை இருக்கலாம் என்றது 2008 வழிகாட்டி. 2015 பதிப்பு அதை நீக்கி, பீட் புகை உள்ளதைப் புகை பீர் பிரிவுக்கு அனுப்பச் சொன்னது. கோஸே என்ற உப்பும் புளிப்பும் கலந்த ஜெர்மன் பீர், 2015-இல் வரலாற்று வகைகளோடு இருந்தது. 2021-இல் ஐரோப்பியப் புளிப்பு பீர்களோடு சேர்ந்தது. 2008-இல் ஃபாரின் எக்ஸ்ட்ரா ஸ்டவுட்டுக்குள் அடங்கியிருந்த வெப்பமண்டல வடிவம் 2015-இல்தான் டிராப்பிக்கல் ஸ்டவுட் என்று தனி வகை ஆனது. அதாவது லயன் ஸ்டவுட்டைப் போன்ற பீருக்கு 'சரியான' பிரிவு ஆண்டைப் பொறுத்து மாறியிருக்கிறது, பீர் மாறவில்லை.

வரலாற்றின் பக்கம் நின்று பார்த்தால் இந்த வாதத்துக்கு மறுப்பு இல்லை. ஆனால் போட்டியாளருக்கு அது தரும் உதவி குறைவு. வகைகள் வரலாற்று உண்மை அல்ல என்று நிறுவிய பிறகும், மேசையில் ஏதோ ஒரு விவரிப்பை வைத்துத்தான் நடுவர் பருகவேண்டியிருக்கிறது. வழிகாட்டியும் தன்னைப் போட்டிக்கான கருவியாகவே முன்வைக்கிறது. ஐயுறுவோர் எதிர்ப்பது பெரும்பாலும் அதை வரலாற்று நூலாகப் படிப்பவர்களைத்தான். இருந்தாலும் அவர்களால் கிடைத்த நன்மை சிறியதல்ல. பீட் புகை போன்ற கட்டுக்கதைகள் நீங்கியதும், வழிகாட்டியின் வரலாற்றுக் குறிப்புகள் நிதானமடைந்ததும் இத்தகைய விமர்சனம் வளர்ந்த காலத்தில்தான்.

தீராதிருப்பவை

இந்தத் தரப்புகளில் கோப்பையைப் பார்த்துப் பிரிவைத் தேடும் தரப்பே வலுவானது என்று கருதுகிறேன், இரண்டு திருத்தங்களோடு. பருகுவது காய்ச்சியவரின் நாக்காக இருக்கக் கூடாது. பிரிவின் பெயர் நடுவருக்குள் எழுப்பும் எதிர்பார்ப்பையும் தேர்வின் பகுதியாக எண்ண வேண்டும். எண்கள் கடைசியில் சரிபார்க்க உதவும், முதலில் தீர்மானிக்க உதவா. பதக்கக் கணக்கு, இரண்டு பிரிவுகளும் ஏறத்தாழ சமமாகப் பொருந்தும்போது மட்டும் நியாயமாக உள்ளே வரலாம். கற்றுக்கொள்ளவே அனுப்புகிறவருக்கு, நினைத்த பிரிவில் சேர்ப்பதும் பொருளுள்ளதே.

இதற்கு மேல் உறுதியாகச் சொல்வது கடினம். நடுவர்களின் நிலைத்தன்மை முதல் தடை. கலிஃபோர்னியா மாநில ஒயின் போட்டியில் ஒரே புட்டியிலிருந்து மூன்று முறை ஊற்றித் தந்து ராபர்ட் ஹாட்ஜ்சன் நடத்தி 2008-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று முறையும் ஒரே பதக்க நிலைக்குள் மதிப்பெண் தந்த நடுவர்கள் ஏறத்தாழ பத்தில் ஒருவரே. பீர் மேசையில் இருவரோ மூவரோ சேர்ந்து பேசி மதிப்பெண்ணை ஒன்றுக்கொன்று நெருக்குகிறார்கள். அது பிழையைக் குறைக்கிறதா, அல்லது அழுத்தமாகப் பேசுகிறவர் பக்கம் சாய்க்கிறதா என்பது விவாதத்துக்குரியது. பிழை இந்த அளவுக்கு இருக்குமானால், பேல் ஏலா ஐ.பி.ஏ.வா என்று நுணுகிப் பார்ப்பதால் கிடைக்கும் இரண்டு மூன்று புள்ளிகள் அந்த இரைச்சலில் மூழ்கிவிடலாம். வைஸ்பியருக்கும் அமெரிக்கன் வீட்டுக்கும் இடையிலான பெரிய தவறுகள் மூழ்கா.

அடுத்தது தாளின் அமைப்பு. பி.ஜே.சி.பி.யின் வழக்கமான மதிப்பெண் தாளின் அடியில் மூன்று அளவுகோல்கள் இருக்கின்றன: வகைக்கு எவ்வளவு நெருக்கம், செய்நேர்த்தி எவ்வளவு, பீரில் உயிர் எவ்வளவு. நடுவர் ஒவ்வொன்றிலும் ஒரு கட்டத்தில் குறியிடுகிறார். நல்ல பீர் தவறான பிரிவில் வந்ததா, சரியான பிரிவில் மோசமான பீர் வந்ததா என்பதைப் பிரித்துச் சொல்லக்கூடிய ஒரே இடம் அதுதான். ஆனால் அந்தக் குறிகள் 50 புள்ளிக் கூட்டலில் சேர்வதில்லை. சேர்த்தால் பிரிவுத் தேர்வின் பாரம் குறையும், செய்நேர்த்தி தனியே பேசும். அதே வேளையில் வகைகளின் கட்டுப்பாடு தளர்ந்து, ஒப்பிட ஒரு பொது அளவு வேண்டும் என்ற முதல் தேவையே நலிவடையவும் கூடும். இந்த இரண்டில் எதை விடுவது என்பதில் போட்டி அமைப்பாளர்களுக்கும் நடுவர்களுக்கும் காய்ச்சுவோருக்கும் இடையே உடன்பாடு ஏற்படவில்லை.